குட்டிக் குண்டு ஒன்று, வட்டம் மூன்று: சிறு பிள்ளைகளோடு பெத்தாங்க்

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். கடற்கரைச் சாலை, பாரதி பூங்கா, தாவரவியல் பூங்கா, நேரம் இருந்தால் சுண்ணாம்பாறு படகுக் குழாம். நல்ல இடங்கள்தான். ஆனால் அங்கெல்லாம் பிள்ளை ஓடும், பெரியவர் துரத்துவார். இல்லையென்றால் பிள்ளை விளையாடும், பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பார். முழங்கால் வலியுள்ள தாத்தாவும் ஐந்து வயதுப் பேத்தியும் ஒரே கட்சியில் நின்று, இருவருமே மெய்யாக ஆடுகிற ஆட்டம் வேண்டுமென்றால் அதுவும் இந்த ஊரில் இருக்கிறது. பெத்தாங்க். இரும்புக் குண்டை வீசி ஆடும் ஆட்டம்.

பிரெஞ்சு உறவோடு இங்கே வந்த ஆட்டம் இது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. ஆட்டம் மட்டும் கப்பலேறிவிடவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய சொல்தாக்களும் அதைக் கைவிடவில்லை. இங்கே மட்டுமல்ல, ஒரு காலத்தில் புதுச்சேரிக்காரர்கள் பிழைப்புக்காகப் போய் வாழ்ந்த சைகோன் பக்கத்திலும் ஆட்டம் தங்கிவிட்டது. வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து எல்லாம் இன்று பெத்தாங்கில் பெரிய கைகள். 2001 முதல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளிலும் அது இடம்பெற்று வருகிறது.

இந்த ஆட்டம் பிறந்த விதத்தைத் தெரிந்துகொண்டால், பிள்ளைகளுக்கு அதை எப்படிப் பழக்குவது என்பதில் பாதி தெளிந்துவிடும். தெற்குப் பிரான்சில், மார்செய் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லா சியோத்தா என்ற கடலோர ஊர். அந்த வட்டாரத்தில் அதுவரை ஆடிய குண்டாட்டத்தில் குட்டிக் குண்டு 15 மீட்டருக்கும் அப்பால் கிடக்கும். சில எட்டுகள் ஓடிவந்து குண்டை வீச வேண்டும். ஜூல் லெனுவார் என்று அறியப்பட்ட தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு வாதநோய் வந்து கால்கள் முடங்கின. ஓட முடியாததால் நண்பர்களின் ஆட்டத்தை ஓரமாக இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அப்போது, தூரத்தைக் குறைத்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்ற இடத்திலிருந்தே வீசலாம் என்று ஆட்டத்தையே மாற்றினார்கள். இது 1907-இல் நடந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே காப்பிக்கடை நடத்திய பித்தியோ சகோதரர்கள் கைகொடுக்க, 1910-இல் முதல் போட்டியும் நடந்தது.

ஓட முடியாத ஒருவரை ஓரமாக உட்கார வைக்காமல், அவருக்காகத் தூரத்தைச் சுருக்கியதில் பிறந்த ஆட்டம் இது. ஐந்து வயதுப் பிள்ளைக்காக இன்னும் கொஞ்சம் சுருக்கினால் ஆட்டத்தின் மரபு கெட்டுவிடாது; அதுதான் அதன் மரபு. இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்லப்போவதும் அதுவே. பிள்ளையைப் பெரியவர்களின் தூரத்துக்கு இழுக்காதீர்கள். பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் அதன் வட்டத்தைப் போடுங்கள்.

ஆட்டம் எப்படி

தரையில் ஒரு வட்டம். போட்டி விதிப்படி அதன் குறுக்களவு 35 முதல் 50 சென்டிமீட்டர். வட்டத்துக்குள் நின்று முதலில் ஒரு சிறிய கட்டைக் குண்டை வீச வேண்டும். பிரெஞ்சில் அதற்குக் கொஷொனே என்று பெயர். நாம் குட்டிக் குண்டு என்றே வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் ஆட்டத்தில் அது 6 முதல் 10 மீட்டர் தூரத்துக்குள் விழ வேண்டும். பிறகு இரண்டு கட்சியும் இரும்புக் குண்டுகளை அதற்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டே வீசும். யாருடைய குண்டு கிட்டே இருக்கிறதோ அவர்கள் நிறுத்துவார்கள். தள்ளியிருக்கும் கட்சி வீசும். தள்ளியிருப்பவர்கள் கிட்டே வரும்வரை, அல்லது கையிலுள்ள குண்டுகள் தீரும்வரை அவர்கள் முறைதான். எல்லாக் குண்டும் வீசி முடிந்ததும், எதிராளியின் மிகக் கிட்டிய குண்டை விட உங்கள் குண்டுகள் எத்தனை கிட்டே கிடக்கின்றனவோ அத்தனை புள்ளி உங்களுக்கு. ஒரு சுற்றில் ஒரு கட்சிக்குத்தான் புள்ளி. முதலில் 13 எடுப்பவர் வென்றவர். ஒருவருக்கு ஒருவர், இருவருக்கு இருவர் என்று ஆடினால் ஆளுக்கு மூன்று குண்டு. மூவருக்கு மூவர் என்றால் ஆளுக்கு இரண்டு.

குண்டு தரையைத் தொடும்வரை கால்கள் வட்டத்தை விட்டு நகரக் கூடாது. பெற்றோருக்கு இந்த விதி பெரிய வரம். துறுதுறுவென்றிருக்கும் பிள்ளை, தன் முறை வரும்போது தானாகவே வட்டத்துக்குள் வந்து அசையாமல் நிற்கும். யாரும் அதட்ட வேண்டியதில்லை.

எந்தக் குண்டு

போட்டிக்குரிய இரும்புக் குண்டின் எடை 650 முதல் 800 கிராம், குறுக்களவு 7.05 முதல் 8 சென்டிமீட்டர். சிறுவர் போட்டிகளில் 11 வயது வரையுள்ளவர்களுக்கு 600 கிராம், 6.5 சென்டிமீட்டர் குண்டை அனுமதிக்கிறார்கள். இந்த 600 கிராமும் போட்டிக்குப் பழகும் பிள்ளைகளுக்குத்தான். நான்கு, ஐந்து வயதுக் கையில் அது அடங்காது. இரண்டு கையாலும் தூக்கி வயிற்றோடு அணைத்து, கால்மேல் போட்டுக்கொள்ளத்தான் வழி.

ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இரும்பே வேண்டாம். வீட்டிலேயே குண்டு செய்யலாம். கெட்டித் துணியில் ஒரு சாண் சதுரம் வெட்டி, உள்ளே புளியங்கொட்டையோ சலித்த மணலோ வைத்து, இறுக்கிக் கட்டித் தைத்துவிடுங்கள். 150 முதல் 200 கிராம் போதும். விழுந்த இடத்தில் கிடக்கும். உருண்டு தெருவுக்குப் போகாது. யார் காலில் பட்டாலும் வலிக்காது. டென்னிஸ் பந்து இந்த வேலைக்கு உதவாது, எகிறிக்கொண்டே இருக்கும். ஆறிலிருந்து எட்டு வயது வரை தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குண்டுகள் சரியாக இருக்கும். கடினமான பிளாஸ்டிக்கில் விளையாட்டுச் சாமான் கடைகளிலும் இணையத்திலும் வண்ண வண்ணமாகக் கிடைக்கின்றன.

குட்டிக் குண்டைப் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அதன் குறுக்களவு 3 சென்டிமீட்டர்தான். சிறு குழந்தையின் தொண்டையை அடைக்கிற அளவு அது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கூட இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு சாத்துக்குடியைக் குட்டிக் குண்டாக வையுங்கள். நிறமும் மண்ணில் நன்றாகத் தெரியும்.

ஒரே திடலில் மூன்று வட்டம்

குடும்பத்தோடு ஆடுவதற்கு நான் சொல்லும் முறை இது. குட்டிக் குண்டு ஒன்றுதான். வட்டம் மட்டும் ஆளுக்கேற்றபடி. ஒரு டப்பாவில் கோலமாவு எடுத்துப் போங்கள். முதலில் குட்டிக் குண்டை வைத்துவிட்டு, அதிலிருந்து அளந்து வட்டங்களைப் போடுங்கள். ஐந்தாறு வயதுக்கு 2 மீட்டர், அதாவது பெரியவரின் மூன்று எட்டு. ஏழெட்டு வயதுக்கு 3 முதல் 4 மீட்டர். பெரியவர்களுக்கு 7 மீட்டர். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அதற்கு 5 மீட்டரில் நாலாவதாக ஒரு வட்டம்.

இப்படிப் போட்டால் எல்லோரும் முழுத் திறமையோடு ஆடலாம். பிள்ளைக்காக வேண்டுமென்றே தோற்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். ஐந்து வயதிலேயே பிள்ளைக்கு அது புரிந்துவிடும். புரிந்த பிறகு வெற்றியில் ருசி இருக்காது. அப்பா தொடர்ந்து ஜெயித்தால் அப்பாவின் வட்டத்தை ஓர் எட்டு பின்னால் தள்ளிப் போடுங்கள். பிள்ளை தொடர்ந்து ஜெயித்தால் அதன் வட்டத்தையும் அரை எட்டுத் தள்ளலாம். “உன் வட்டம் பின்னால போகுதுடா கண்ணு, நீ தேறிட்டே!” என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பரிசையும் விட அது பெரிதாகப் படும்.

கட்சி பிரிக்கும்போது பெரியவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரிக்காதீர்கள். பாட்டியும் பேரனும் ஒரு கட்சி, அம்மாவும் மகளும் ஒரு கட்சி. அண்ணன் தங்கையை எதிரெதிராக நிறுத்தினால் மூன்றாவது சுற்றில் அழுகை வரும்; ஒரே கட்சியில் போட்டால் பேச்சு வரும்.

வீசும் முறையைப் பொறுத்தவரை ஆரம்பத்தில் திருத்தவே வேண்டாம். தேர்ந்தவர்கள் உள்ளங்கை கீழே பார்க்கக் குண்டைப் பிடித்து, விடும்போது விரல்களால் பின்சுழற்சி கொடுப்பார்கள். விழுந்த குண்டு அதிகம் ஓடாது. பிள்ளைகள் உள்ளங்கை மேலே இருக்க, கோலி உருட்டுவது போல உருட்டித்தான் விடும். உருட்டட்டும். தோளுக்கு மேலே கை போகக் கூடாது என்ற ஒன்றை மட்டும் முதல் நாளே கண்டிப்பாக வையுங்கள். எட்டு வயதுக்கு மேல், ஆர்வம் இருந்தால், உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடிக்கக் காட்டிக் கொடுக்கலாம்.

புள்ளிக் கணக்கிலும் வயது பார்க்க வேண்டும். ஆறு வயது வரை எந்தக் குண்டு கிட்டேயோ அதற்கு ஒரு புள்ளி, ஐந்து எடுத்தால் ஆட்டம் முடிந்தது. ஏழெட்டு வயதில் முழுக் கணக்குக்கு மாறி, ஏழோடு நிறுத்திக்கொள்ளலாம். 13 வரை ஆடினால் ஓர் ஆட்டம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டிவிடும். அது ஒன்பது, பத்து வயதுக்கு மேல்தான் ஒத்துவரும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் புள்ளியே வேண்டாம். ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாம்பாளத்தை வைத்து, துணிக் குண்டை அதில் போடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். அலுத்ததும் விட்டுவிட வேண்டும்.

அளக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இரண்டு குண்டில் எது கிட்டே என்று கண்ணால் சொல்ல முடியாத கட்டம் ஒவ்வோர் ஆட்டத்திலும் வரும். பெரியவர்கள் டேப்பை எடுப்பார்கள். உங்கள் வீட்டு ஆட்டத்தில் ஒரு நூல்கண்டு போதும். மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலை இழுத்துப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், இந்த வேலையை வேறு யாருக்கும் தர மனம் வராது. நீளத்தை ஒப்பிடுவது, கூட்டுவது, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் பாடம் என்ற பெயரே இல்லாமல் நடந்துவிடும்.

காயம் வராமல்

பெரியவர்கள் இரும்புக் குண்டால் ஆடும் திடலில் பிள்ளைகளும் இருந்தால், மூன்று கட்டுப்பாடுகளில் விட்டுக்கொடுக்காதீர்கள். வீசுபவருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. மற்றவர்கள் பின்னாலோ, பக்கவாட்டில் 2 மீட்டர் தள்ளியோ நிற்க வேண்டும். கடைசிக் குண்டும் விழுந்து ஓய்ந்த பிறகே எடுக்கப் போக வேண்டும். தன் குண்டை எடுக்க அவசரப்பட்டு ஓடும் பிள்ளைக்கு எளிதில் அடிபட்டுவிடும். எதிராளியின் குண்டைக் குறிவைத்து ஆகாயவழியே அடித்துப் பெயர்க்கும் வீச்சு, ஆட்டத்தின் அழகே அதுதான் என்றாலும், பிள்ளைகள் இருக்கும் ஆட்டத்தில் அறவே கூடாது. இரும்பில் பட்ட இரும்பு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அடித்தவருக்கே தெரியாது.

காலுக்கு முன்பக்கம் மூடிய ஷூ வேண்டும். ரப்பர் செருப்போடு திடலுக்குள் விடாதீர்கள், பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கே, எப்போது

தரை கெட்டியான மண்ணாக, மேலே கொஞ்சம் பொடிக்கல் தூவியது போல இருக்க வேண்டும். சிமெண்ட் தரையில் இரும்புக் குண்டு எகிறும், தரையும் பெயரும். புல்தரையில் ஓடாது, பூங்காவின் புல்வெளியைக் குழியாக்குவது சரியும் அல்ல. குடும்பமாக ஆட 8 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் இருந்தால் போதும். உறவினர் வீட்டுத் தோப்பு, குடியிருப்பின் மண்தரை, பள்ளி மைதானத்தின் ஓரம் (அனுமதி வாங்கிக்கொண்டு) எல்லாம் ஏற்றவை.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை என்பதால் அங்கே ஆடலாமே என்று தோன்றும். வேண்டாம். விடுமுறை நாள் கூட்டத்தில் குண்டு வீசுவது ஆபத்து. தலைமைச் செயலகத்தை ஒட்டி, கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு மணல் திரும்பி வந்திருக்கும் பகுதியில், கூட்டமில்லாத காலை நேரத்தில் துணிக் குண்டோடும் பிளாஸ்டிக் குண்டோடும் ஆடலாம். ஈர மணலாக இருந்தால் நல்லது. உலர்ந்த மணலில் குண்டு புதைந்துவிடும். அலைக்கு முதுகு காட்டி நிற்கும்படி பிள்ளைகளின் வட்டத்தைப் போடாதீர்கள். அந்தக் கரையில் அலை இழுக்கும். ஒரு பெரியவர் ஆடாமல் கடல் பக்கமாக நின்றுகொள்ள வேண்டும்.

ஊரில் பெத்தாங்க் ஆடும் திடல்களில் மாலையில் மூத்தவர்கள் கூடுவார்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவது தனி அனுபவம். முதல் நாள் ஆடப் போகிறோம் என்று போகாதீர்கள், பார்க்கப் போங்கள். ஆட்டம் நடக்கையில் குறுக்கே போகாமல், வீசுபவருக்குப் பின்னால் அமைதியாக நில்லுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் வணக்கம் சொல்லி, “பிள்ளைக்குக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன் ஐயா” என்று பேச்சுக் கொடுங்கள். பெரும்பாலும் பிள்ளையின் கையில் ஒரு குண்டைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். முதுகு வளையாத சிலர் கயிற்றில் காந்தம் கட்டி வைத்திருப்பார்கள்; நின்றபடியே குண்டை எடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்கு அதுதான் பெரிய வியப்பு. உட்கார இடம் கொடுத்தார்களே என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள். அது அவர்களின் மாலைப்பொழுது.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் கிடந்த இரும்புக் குண்டு கையைச் சுட்டுவிடும். நாலரை மணிக்கு மேல், கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகு போங்கள். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில், மழை விட்டும் ஒரு நாளாவது தரை காய வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கொசுவும் அந்த நேரத்தில்தான் இறங்கும். பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை போட்டுவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: தண்ணீர், கோலமாவு, நூல்கண்டு, ஒரு பழைய துண்டு, சோப்பு. தெருநாய் நடமாடும் மண்ணில் கிடந்த குண்டைத் தொட்ட கையோடு சுண்டலும் மாங்காய்ப் பத்தையும் சாப்பிடக் கூடாது. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டால் இரண்டுமே ஆட்டத்துக்குப் பின் பசிக்கு மிக நன்றாக இருக்கும்.

மழை நாளும் மால் பௌலிங்கும்

மழை அடைத்துக்கொண்டால் வீட்டு நடையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஆறை முக்கோணமாக நிறுத்தி, கால்வாசி மணல் போட்டு, ரப்பர் பந்தை உருட்டச் சொல்லுங்கள். அரை நாள் போய்விடும்.

மால்களில் இருக்கும் பத்துக் கட்டை பௌலிங்குக்குச் சென்னை, பெங்களூரு போகும்போது கூட்டிப் போகிறவர்கள் உண்டு. அங்கே வீசும் கோட்டிலிருந்து முதல் கட்டைக்கு 60 அடி. சிறுவர்களுக்கு வைத்திருக்கும் இலேசான பந்தே சுமார் 6 பவுண்டு, இரண்டே முக்கால் கிலோ. ஆகவே போனதும் கேட்க வேண்டியவை இரண்டு: பந்து ஓரக் கால்வாயில் விழாமல் தடுக்கும் பக்கத் தடுப்பு, பந்தை வைத்துத் தள்ளிவிடும் சறுக்குச் சட்டம். இரண்டும் இல்லையென்றால் ஏழு வயதுக்குக் கீழே கூட்டிப் போவதில் பயனில்லை. வாடகை ஷூ தருவார்கள். சாக்ஸ் எடுத்துப் போங்கள். பந்து திரும்பி வரும் வாயருகே பிள்ளையின் கையை விடாதீர்கள். இரண்டு பந்துக்கு நடுவே விரல் நசுங்கும். இரைச்சலும் அதிகம். என் கணக்கில் அது பத்து வயதுக்கு மேற்பட்டவர்களின் கேளிக்கை.

வீடு திரும்பிய பிறகு

இரும்புக் குண்டு வாங்கியிருந்தால், புதுச்சேரியின் உப்புக்காற்று அதைச் சும்மா விடாது. வந்தவுடன் மண்ணைத் துடைத்து, ஒரு துணியில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பூசி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் குண்டையும் துணிக் குண்டையும் கழுவி வெயிலில் காய வைக்கும் பொறுப்பு பிள்ளைகளுடையது. ஆளுக்கு மூன்று குண்டு, அவரவர் நிறத்தில், அவரவர் பையில். பத்து வயது தாண்டி, 5 மீட்டர் வட்டத்திலிருந்து மூன்றில் இரண்டு குண்டைக் குட்டிக் குண்டுக்கு ஒரு முழத்துக்குள் வைக்க முடிகிற பிள்ளைக்கு 600 கிராம் இரும்புக் குண்டு வாங்கித் தரலாம். திடலுக்குக் கூட்டிப் போய், ஓர் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பெரியவர்களிடம் கேட்கலாம். அந்தக் கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும்.